பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பாவை விரிவதற்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கூட்டம் எந்தக் கண் ஆஸ்பத்திரியிலும் உண்டு. அப்படி ஒரு வரிசையில் ஓர் அம்மாச்சியும், அவரைக் கூட்டி வந்த பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பேரன் கணினிப் பொறியியல் இறுதியாண்டு. அம்மாச்சிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. வலது கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. மங்கலாகத் தெரிந்தபோது "வயசானா அப்படித்தான்" என்று இருந்துவிட்டார். வந்து காட்டியபோது காலம் கடந்திருந்தது. மிச்சமிருக்கும் இடது கண்ணை வருடம் தவறாமல் படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அன்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். எடுக்கப்படும் படங்கள், பெயர் முதலான அடையாளங்கள் நீக்கப்பட்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தப்படலாம் என்று அதில் இருந்தது.

"என்னய்யா எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல அம்மாச்சி. ஒங்க கண்ணுப் படத்த ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவாங்களாம். பேரெல்லாம் எடுத்துருவாங்க. யாருன்னு யாருக்கும் தெரியாது."

"பேர எடுத்தா என்னய்யா... கண்ணு என்னோடதுதானே?"

பேரன் சிரித்துவிட்டான். அம்மாச்சியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்ததும் அந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. அவனுடைய இறுதியாண்டு பிராஜெக்டே அதுதான்! கண் படத்தைப் பார்த்துச் சர்க்கரை வியாதியின் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருள். அதற்காக இணையத்திலிருந்து இறக்கி வைத்த ஆயிரக்கணக்கான கண்கள் அவன் கணினியில் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. வெறும் எண்கள். அறிக்கையில் ஒரு வரி கூட எழுதி வைத்திருந்தான்: 'பெயர்கள் நீக்கப்பட்டுள்ளதால் அந்தரங்கம் குறித்த பிரச்சினை எதுவும் இல்லை.'

அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் உண்மை? அதுதான் இந்தக் கட்டுரை.

கணினிக்கு ஏன் இத்தனை கண்கள்?

குழந்தைக்குப் பூனை எது, நாய் எது என்று யாரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. நாலு பூனையைக் காட்டினால் ஐந்தாவதை அதுவே சொல்லிவிடும். கணினிக்கு நாலு போதாது, லட்சம் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி உதாரணங்களைக் காட்டிக் காட்டிக் கற்றுக்கொடுப்பதைத்தான் மெஷின் லேர்னிங் என்கிறார்கள். கற்று முடித்தபின் கணினியிடம் மிஞ்சும் எண்களின் தொகுப்புக்கு மாடல் என்று பெயர்.

2016 இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விழித்திரைப் படத்தைப் பார்த்து, சர்க்கரையால் வந்த பாதிப்பைக் கண் மருத்துவர்களுக்கு இணையாகச் சொல்லும் ஒரு மாடல். அதற்குக் காட்டப்பட்ட படங்கள் 1,28,175. அவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்கள் 54 கண் மருத்துவர்கள். படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அமெரிக்காவிலிருந்தும், இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும். அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகியவைதான் அந்த மூன்று.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். முன்னாலேயே கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையிலோ ஊசியிலோ பார்வையைக் காப்பாற்றிவிடலாம். கண் மருத்துவர் இல்லாத கிராமத்தில் ஒரு கேமராவும் இந்த மாடலும் இருந்தால் அந்த அம்மாச்சியின் வலது கண் பிழைத்திருக்கக் கூடும்.

ஆகவே 'மருத்துவத் தகவலை யாருக்கும் தரக்கூடாது, பூட்டி வை' என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பூட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் கண்ணால் கொடுக்க வேண்டியிருக்கும்.

இருபது டாலருக்கு ஓர் ஆளுநர்

அம்மாச்சி கேட்ட கேள்வியை 1990களிலேயே அமெரிக்காவில் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். பெயர் லதான்யா ஸ்வீனி. எம்.ஐ.டி.யில் கணினி அறிவியல் ஆராய்ச்சி மாணவி. பின்னாளில் அங்கே அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான். இப்போது ஹார்வர்ட் பேராசிரியர்.

மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்யும் அமைப்பு ஒன்று, சுமார் 1,35,000 பேரின் மருத்துவத் தகவல்களை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கியாகிவிட்டது. நோய், சிகிச்சை, மருந்து முதலானவற்றோடு மூன்று விவரங்களும் மிச்சம் இருந்தன. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு. (அங்கே ஜிப் கோடு என்பார்கள்.) இதில் என்ன ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது அந்த மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் வெல்ட். 1996 மே மாதம் ஒரு கல்லூரி விழாவில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. அவர் வசித்தது கேம்பிரிட்ஜ் நகரம். ஸ்வீனி என்ன செய்தார்? 20 டாலர் கொடுத்து அந்த ஊர் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் பெயர் இருந்தது, கூடவே பிறந்த தேதி, பால், பின்கோடு!

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் கேம்பிரிட்ஜில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய பின்கோடில் இருந்தவர் ஒரே ஒருவர். அவ்வளவுதான். மாநில ஆளுநரின் மருத்துவக் குறிப்பு ஒரு மாணவியின் கையில்.

இந்த மூன்று விவரங்கள் மட்டுமே இருந்தால் அமெரிக்காவில் எத்தனை பேரைத் தனியாக அடையாளம் காணலாம் என்றும் ஸ்வீனி கணக்குப் போட்டார். 1990 மக்கள்தொகைக் கணக்கின்படி 87 சதவீதம். 2006 இல் வேறொருவர் புதிய கணக்கெடுப்பை வைத்துப் போட்டபோது 63 சதவீதம் வந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும் பாதிக்கு மேல்!

ஆளுநர் பிரபலமானவர், மயங்கி விழுந்தது பேப்பரில் வந்தது, அதனால்தானே சுலபமாக இருந்தது என்று சிலர் பின்னால் வாதாடினார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்பது ஊருக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அலுவலக மேலாளருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் தெரியாதா? அந்தரங்கம் பெரும்பாலும் உடைவது முகம் தெரியாத திருடனிடம் இல்லை. தெரிந்தவர்களிடம்தான்.

இதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2003 இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த மருத்துவ அந்தரங்க விதிகளின்படி, அடையாளம் நீக்க ஒரு வழி 18 வகை விவரங்களை எடுத்துவிடுவது. பிறந்த தேதியில் வருடம் மட்டும். பின்கோடில் முதல் மூன்று இலக்கம் மட்டும்.

அதோடு முடிந்ததா?

படமே பேசும்

பட்டியலில் இருக்கும் பிறந்த தேதியை அழித்துவிடலாம். கண்ணுக்குள் எழுதியிருப்பதை எப்படி அழிப்பது?

2018 இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறும் விழித்திரைப் படத்தைக் கொடுத்து, இது ஆணா பெண்ணா, வயது என்ன என்று கணினியைக் கேட்டார்கள். ஆணா பெண்ணா என்பதை நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும் மிகத் துல்லியமாகச் சொன்னது. வயதைச் சராசரியாக மூன்றேகால் வருட வித்தியாசத்தில் சொன்னது. புகை பிடிப்பவரா என்பதைக்கூட ஓரளவு சொன்னது. அனுபவமுள்ள கண் மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்து ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கணினிக்குத் தெரிகிறது! போதாக்குறைக்கு, விழித்திரை ரத்தக் குழாய்களின் அமைப்பு கைரேகையைப் போல ஆளுக்கு ஆள் வேறு.

தலை ஸ்கேன் இன்னும் மோசம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2019 இல் ஒரு சோதனை செய்தார்கள். 84 தன்னார்வலர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்த ஸ்கேனிலிருந்து முகத்தின் வெளி வடிவத்தைக் கணினியில் மறுபடி உருவாக்கினார்கள். அதையும் அவர்களுடைய சாதாரணப் புகைப்படங்களையும் முகம் அடையாளம் காணும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 84 பேரில் 70 பேரைச் சரியாகப் பொருத்திவிட்டது.

ஆக, அம்மாச்சி கேட்டது சரிதான். பெயர் என்பது உடம்பின் மேல் ஒட்டிய சீட்டு. சீட்டைக் கிழித்தாலும் உடம்பு அங்கேயேதான் இருக்கிறது.

மனப்பாடம் செய்த கணினி

'சரி, படங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கற்று முடித்த மாடலை மட்டும் வெளியே கொடுப்போம். அதில் யாருடைய படமும் இல்லையே?' என்று அந்த இறுதியாண்டு மாணவன் நினைத்தான். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

வகுப்பில் இரண்டு வகை மாணவர்கள் உண்டு. ஒருவன் புரிந்து படிப்பவன். இன்னொருவன் கேள்வி வங்கியை அப்படியே உருப்போடுபவன். உருப்போட்டவனைக் கண்டுபிடிப்பது சுலபம். கேள்வி வங்கியில் இருந்த கணக்கைக் கொடுத்தால் கை தானாக ஓடும். எண்ணைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் திணறுவான். மாடலும் அப்படித்தான். கற்கும்போது பார்த்த நோயாளியைக் காட்டினால் அளவுக்கு மீறிய உறுதியோடு பதில் சொல்லும். புதியவர் என்றால் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தை அளந்தே 'இந்த ஆள் அந்தப் பட்டியலில் இருந்தார்' என்று சொல்லிவிடலாம். 2017 இல் ரேசா ஷோக்ரியும் அவருடைய கூட்டாளிகளும் டெக்சாஸ் மாநில மருத்துவமனைத் தகவல் உட்பட பலவற்றில் இதைச் செய்து காட்டினார்கள்.

பட்டியலில் இருந்தார் என்று தெரிந்தால் என்ன போயிற்று? அது எந்தப் பட்டியல் என்பதைப் பொறுத்தது. எச்.ஐ.வி. நோயாளிகளை மட்டும் வைத்துக் கற்ற மாடல் என்றால், பட்டியலில் இருந்தார் என்பதே முழு விஷயம்.

வார்ஃபரின் கதை இன்னொரு வகை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் பலர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவது. அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி சேர்ந்து பக்கவாதம். ஆளுக்கு ஆள் அளவு மாறும், மரபணுவுக்கும் அதில் பங்குண்டு. பல நாட்டு மருத்துவக் குழுக்கள் சேர்ந்து 4,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலை வைத்து அளவு சொல்லும் ஒரு சூத்திரத்தை உருவாக்கி 2009 இல் வெளியிட்டன. நல்ல காரியம்தான். 2014 இல் விஸ்கான்சினைச் சேர்ந்த மேத்யூ ஃபிரெட்ரிக்சன் குழுவினர் அதே தகவலை வைத்துத் தலைகீழாகப் போய்ப் பார்த்தார்கள். ஒருவரின் வயது முதலான பொது விவரங்களும் அவர் சாப்பிடும் மாத்திரை அளவும் தெரிந்தால், மாடலைப் பின்பக்கமாக ஓட்டி அவருடைய மரபணுக் குறியீட்டை, குருட்டு ஊகத்தைவிடக் கணிசமாக நன்றாகவே ஊகிக்க முடிந்தது.

மாத்திரைச் சீட்டிலிருந்து மரபணு! மரபணு என்பது ஒருவருடைய தகவல் மட்டும் இல்லையே. பிள்ளைக்கும் பேரனுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

தகவல் வீட்டிலேயே இருக்கட்டும்

இதற்கெல்லாம் தீர்வே இல்லையா? இருக்கிறது. ஒன்றல்ல, பல.

முதல் வழி: தகவலை மாடலிடம் அனுப்பாதே, மாடலைத் தகவலிடம் அனுப்பு. ஃபெடரேட்டட் லேர்னிங் என்று பெயர். 2016 வாக்கில் கூகுளில் பிரெண்டன் மெக்மஹன் குழுவினர் வைத்த பெயர் இது. ஒரு வித்வான் ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் ஊரிலும் அங்கிருக்கும் ஓலைச்சுவடிகளைப் படித்துவிட்டு, சுவடியை அங்கேயே வைத்துவிட்டுப் படித்த ஞானத்தோடு மட்டும் திரும்புவதைப் போல. ஸ்கேன் படங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். கற்றதால் மாறிய எண்கள் மட்டும் வெளியே வரும்.

கொரோனா சமயத்தில் 20 மருத்துவ நிறுவனங்கள் இப்படிச் சேர்ந்து, நெஞ்சு எக்ஸ்ரேயையும் மற்றப் பரிசோதனைகளையும் வைத்து எந்த நோயாளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று கணிக்கும் மாடலை உருவாக்கின. 2021 இல் வெளியான முடிவின்படி, தனித்தனியாகக் கற்றவற்றைவிடச் சேர்ந்து கற்றது சராசரியாக 16 சதவீதம் மேலாக இருந்தது. 2022 இல் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்காக ஆறு கண்டங்களில் 71 இடங்கள் சேர்ந்தன. நோயாளிகள் 6,314 பேர். அரிதான நோய்க்கு ஒரே ஆஸ்பத்திரியில் இவ்வளவு பேர் கிடைக்கவே மாட்டார்கள்.

எல்லாத் தகவலையும் ஒரே பானையில் போடாமல் இருப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, பல நாட்கள் பேனாவும் காகிதமுமாக வேலை பார்க்க நேர்ந்தது. ஒரே இடத்தில் குவித்தால் ஒரே அடியில் எல்லாம் போகும்.

ஆனால் இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. வெளியே வரும் அந்த எண்களை வைத்தே, கற்கக் கொடுத்த படத்தைச் சில சமயம் அப்படியே மீட்டு எடுக்கலாம் என்று 2019 இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். வித்வான் திரும்பி வரும் வழியில் அவரை மடக்கி, ஓலையில் என்ன இருந்தது என்று வரவழைத்துவிடுவது போல!

அதற்குத்தான் இரண்டாவது வழி. எண்களைத் தனித்தனியாகக் காட்டாமல், கூட்டுத்தொகையை மட்டும் காட்டுவது. இதை நீங்களே நண்பர்களோடு செய்து பார்க்கலாம்.

நாலு நண்பர்கள். தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது. சராசரி தெரிய வேண்டும், ஆனால் யாரும் தன் மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டார்கள். முதல் ஆள் மனதில் ஒரு ரகசிய எண்ணை நினைக்கிறார், 500 என்று வையுங்கள். தன் மதிப்பெண் 42 ஐக் கூட்டி, 542 என்று அடுத்தவர் காதில் சொல்கிறார். அவர் தன் 67 ஐக் கூட்டி 609 என்கிறார். மூன்றாமவர் 81 ஐக் கூட்டி 690. நாலாமவர் 58 ஐக் கூட்டி 748 என்று முதல் ஆளிடம் திருப்பிச் சொல்கிறார். அவர் ரகசியமான 500 ஐக் கழித்தால் 248. நாலால் வகுத்தால் 62. சராசரி கிடைத்துவிட்டது, யார் எவ்வளவு என்று தெரியவில்லை!

ஒரு சிக்கல். இரண்டாமவரும் நாலாமவரும் கூட்டுச் சேர்ந்தால்? 690 இல் 609 போனால் 81. மூன்றாமவர் மாட்டிக்கொண்டார். இந்த மாதிரிக் கூட்டுச் சதியையும் தாங்கும்படி, நடுவில் யாராவது கழன்றுகொண்டாலும் கணக்குக் கெடாதபடி, இன்னும் கெட்டியான முறைகளை 2017 இல் கூகுள் குழு ஒன்று வடிவமைத்தது. அடிப்படை யோசனை இந்த விளையாட்டுதான்.

மூன்றாவது வழி இன்னும் ஆச்சரியமானது. பூட்டிய பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைக் கூட்டிப் பெருக்குவது! அப்படி எந்தக் கணக்கையும் செய்யலாம் என்று 2009 இல் கிரெய்க் ஜென்ட்ரி வழி காட்டினார். ஆனால் சாதாரணக் கணக்கைவிட இது பல மடங்கு மெதுவாக நடக்கும். பெரிய மாடல்களுக்கு இன்றும் அதுதான் தடை.

நாணயத்தைச் சுண்டிப் பார்

நாலாவது வழிக்கு வயது அறுபதுக்கு மேல். 1965 இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் சொன்ன யோசனை. அதன் எளிய வடிவம் இது.

ஆயிரம் பேரிடம் சங்கடமான ஒரு கேள்வி கேட்கிறீர்கள். 'நீங்கள் ரகசியமாகக் குடிப்பதுண்டா?' உண்மை வராது. அதனால் இப்படிச் சொல்லுங்கள். தனியாகப் போய் நாணயத்தைச் சுண்டு. தலை விழுந்தால் உண்மையைச் சொல். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு 'ஆம்', பூவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிடு.

400 பேர் 'ஆம்' என்கிறார்கள் என்று வையுங்கள். ஆயிரத்தில் ஏறக்குறைய 500 பேர் உண்மை சொன்னவர்கள், 500 பேர் நாணயம் சொன்னதைச் சொன்னவர்கள். நாணயக்காரர்களில் 250 'ஆம்' வந்திருக்கும். மீதி 150 தான் உண்மையான 'ஆம்'. 500 இல் 150, அதாவது 30 சதவீதம். ஊரைப் பற்றிய உண்மை கிடைத்தது. ஆனால் எந்தத் தனி ஆளையும் கைநீட்டிக் குற்றம் சொல்ல முடியாது. 'நாணயம் சொல்லச் சொன்னது' என்று சொல்லிவிடுவார்!

2006 இல் சிந்தியா டுவொர்க்கும் மூன்று கூட்டாளிகளும் இதற்குக் கறாரான கணித வடிவம் கொடுத்தார்கள். டிஃபரென்ஷியல் பிரைவசி என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் அந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வரும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்காக விடையில் அளந்து கொஞ்சம் இரைச்சல் கலப்பார்கள். எவ்வளவு கலப்பது என்பதை எப்சிலான் என்ற எண் தீர்மானிக்கும். எப்சிலான் சின்னதானால் இரைச்சல் அதிகம், பாதுகாப்பும் அதிகம். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கிலேயே இதைப் பயன்படுத்தினார்கள்.

அப்பாடா, தீர்வு கிடைத்துவிட்டது என்று அந்த மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்போதுதான் வார்ஃபரின் கட்டுரையின் இரண்டாவது பாதியைப் படித்தான்.

விலை யார் தலையில்?

மரபணுவை ஊகிக்க முடியாத அளவுக்கு அந்த மாடலில் இரைச்சல் கலந்தால் என்ன ஆகும் என்று அதே குழு கணினியில் ஒரு மருத்துவச் சோதனையை நடத்திப் பார்த்தது. அந்தரங்கம் காப்பாற்றப்பட்டது. ஆனால் மாத்திரை அளவு தப்பியது. கணினிக்குள் இருந்த அந்தக் கற்பனை நோயாளிகளுக்கு ரத்தக்கசிவும் பக்கவாதமும் மரணமும் நேரும் அபாயம் கூடியது.

இன்னொன்றும் தெரியவந்தது. இரைச்சல் எல்லோரையும் சமமாகப் பாதிப்பதில்லை. ஆயிரம் பேரின் குரலில் கொஞ்சம் இரைச்சல் கலந்தால் ஒன்றும் ஆகாது. ஐந்து பேரின் குரல் அதில் காணாமலே போய்விடும். ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிரிவினருக்குத்தான் மாடலின் துல்லியம் அதிகமாகச் சரிகிறது என்று 2019 இல் யூஜின் பாக்தசார்யன் குழுவினர் காட்டினார்கள். கொடுமை என்னவென்றால், அரிய நோய் உள்ளவர்களைத்தான் பட்டியலில் சுலபமாக அடையாளம் காணலாம். அவர்களுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும். அந்தப் பாதுகாப்பால் அதிகம் இழப்பதும் அவர்களே.

ஆக, எப்சிலான் எவ்வளவு என்பது வெறும் கணக்கு இல்லை. யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று பங்கு பிரிக்கும் வேலை. மாத்திரை அளவு சொல்லும் மாடலுக்கு ஒரு அளவு, ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்ற கணக்குக்கு வேறு அளவு. அதைக் கணினிக்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்துவிட முடியாது. மருத்துவர் வேண்டும், நோயாளியும் வேண்டும்.

நோயாளியை யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் உதாரணம் இருக்கிறது. ராயல் ஃப்ரீ மருத்துவமனை நிர்வாகம் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறியும் ஒரு செயலிக்காக 16 லட்சம் பேரின் தகவலை டீப்மைண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நோயாளிகளுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்றும், தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மருத்துவமனை பின்பற்றவில்லை என்றும் பிரிட்டனின் தகவல் ஆணையர் 2017 இல் சொன்னார். இந்தியாவிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023 இல் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வெளியாயின. சட்டம் வருவது நல்லது. ஆனால் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பொடி எழுத்துப் படிவத்தை நீட்டி வாங்கும் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்பதைச் சட்டம் மட்டும் சொல்லிவிடாது.

மறுபடியும் அம்மாச்சி

அந்த மாணவன் தன் அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரியை அடித்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினான். படங்களில் பெயர் இல்லை, ஆனாலும் இவை மனிதர்களுடையவை. எந்தத் தொகுப்பு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது, மாடலை வெளியே கொடுத்தால் என்னென்ன கசியலாம், பிராஜெக்ட் முடிந்ததும் படங்கள் அழிக்கப்படும் என்றெல்லாம் எழுதினான். "இதுக்கெல்லாம் மார்க் கிடையாதேப்பா" என்றார் கைடு. ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த முறை கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சொட்டு மருந்து விடுவதற்கு முன்னாலேயே அம்மாச்சியிடம் விஷயத்தைச் சொன்னான். போன தடவை யாருக்கும் தெரியாது என்று சொன்னது தப்பு. முயற்சி செய்தால் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடிக்க விடாமல் தடுக்கவும் வழிகள் இருக்கின்றன. ஆனால் எதுவும் முழுப் பூட்டு இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அதனால் வைத்தியம் நிற்காது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னான்.

அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இந்தப் படத்த வச்சு, என்னய மாதிரி லேட்டா வராம முன்னாடியே கண்டுபிடிச்சுருவாகளா?"

"அதுக்குத்தான் அம்மாச்சி."

"அப்ப எடுத்துக்கிரட்டும். அந்தப் போன கண்ணையும் சேத்து எடுத்துக்கச் சொல்லு. ஆனா யாருக்கும் தெரியாதுன்னு சொல்லாத. பத்திரமா வச்சுக்குருவோம்னு சொல்லு."

இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைச் சொல்ல ஒரு பெயரை அழித்தால் போதும். இரண்டாவதைச் சொன்னால், அந்தப் படம் இருக்கும் வரைக்கும் ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மாச்சி பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.